கான்பூரில் கைவிட்ட லிபரேட்டர்கள் இப்போது எங்கே?

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு 'ஃபிக்சட் அசெட் ரிஜிஸ்டர்' என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்ற நண்பர்களுக்காக: ஒரு கம்பெனி வைத்திருக்கும் மெஷின், வண்டி, மேஜை, நாற்காலி ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் போட்டு, எப்போது வாங்கியது, என்ன விலை, இப்போது எங்கே இருக்கிறது, எப்போது கழித்துக் கட்டினோம் என்று எழுதி வைக்கிற பதிவேடு. புத்தகத்தில் இருக்கிற ஜெனரேட்டர் நிஜமாகவே ஷெட்டில் இருக்கிறதா என்று அவ்வப்போது நேரில் போய்ப் பார்த்தார்களா என்பதை ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லியாக வேண்டும். இதைவிட போர் அடிக்கிற வேலை உலகத்தில் கிடையாது என்பது எங்கள் வகுப்பின் ஏகமனதான கருத்து :-)

ஆனால் கிட்டத்தட்ட இதே வேலையை, யாரும் சம்பளம் கொடுக்காமலேயே ஆசைக்காகச் செய்கிற ஒரு கூட்டம் உலகம் பூராவும் இருக்கிறது. அவர்கள் பதிவேட்டில் இருப்பது நாற்காலி அல்ல, ராணுவ விமானங்கள். எந்த விமானம் எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது, எந்தப் படையில் இருந்தது, விழுந்ததா, உடைத்து விற்கப்பட்டதா, ஏதாவது மியூசியத்தில் நிற்கிறதா, இன்னும் பறக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குறித்து வைக்கிறார்கள். பிரிட்டனில் 'ரெக்ஸ் அண்ட் ரெலிக்ஸ்' என்று ஒரு புத்தகம் 1961-ல் தொடங்கிப் பல பதிப்புகள் கண்டிருக்கிறது. அந்த நாட்டு மியூசியங்களிலும் கொட்டகைகளிலும் கிடக்கும் பழைய விமானங்களின் பட்டியல்தான் மொத்தப் புத்தகமும்.

இப்படி எண்களை எழுதி வைப்பதால் யாருக்கு என்ன லாபம்? நியாயமான கேள்வி. இதற்குப் பதிலாக நம் நாட்டுக்குச் சம்பந்தமுள்ள ஒரு கதையைச் சொல்கிறேன்.

முதலில் எண் விவகாரம்

அமெரிக்க ராணுவ விமானங்களுக்கு 44-44052 என்பது மாதிரி எண் இருக்கும். முதல் இரண்டு இலக்கம் எந்த நிதியாண்டில் ஆர்டர் கொடுத்தார்கள் என்பதைச் சொல்லும், மிச்சம் வரிசை எண். அதே விமானம் பிரிட்டிஷ் விமானப்படைக்குப் போனால் அங்கே கே.ஹெச்.191 என்று புதுப் பெயர். பிறகு இந்திய விமானப்படைக்கு வந்தால் ஹெச்.இ.771. கல்யாணம், வேலை, வெளிநாடு என்று ஒருவருக்கு முகவரி மாறுகிற மாதிரி விமானத்துக்கு எண் மாறிக்கொண்டே போகும். மேலே அடிக்கிற பெயிண்டும் மாறும், எஞ்சினும் மாறும், கண்ணாடியும் மாறும். இத்தனைக்கும் நடுவில் இது அதே விமானம்தான் என்று சொல்லத் தேவைப்படுவது, அந்த எண்களை வரிசையாகக் கோத்து வைத்த ஒரு பதிவு மட்டுமே.

மேலே சொன்ன மூன்று எண்களும் சும்மா எழுதியதில்லை. மூன்றும் ஒரே விமானத்தின் எண்கள். ரகம், பி-24 லிபரேட்டர்.

மணிக்கு ஒன்று

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா தயாரித்த நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் லிபரேட்டர். இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 110 அடி. மொத்தம் 18,000-க்கும் மேல் கட்டினார்கள். அமெரிக்க ராணுவ விமானங்களிலேயே அதிக எண்ணிக்கையில் தயாரானது இதுதான். கார் கம்பெனியான ஃபோர்டு, மிச்சிகன் மாநிலத்தில் வில்லோ ரன் என்ற இடத்தில் இதற்கென்றே ஒரு பிரம்மாண்டமான ஆலையைக் கட்டியது. உச்சத்தில் இருந்தபோது அங்கே மணிக்கு ஒரு விமானம் வெளியே வந்தது. நாம் ஒரு இன்டர்னல் தேர்வு எழுதி முடிப்பதற்குள் ஒரு பாம்பர் ரெடி.

18,000-க்கும் மேல் செய்ததில் இன்று உலகத்தில் முழு உருவத்தோடு மிஞ்சியிருப்பவை சுமார் 13. போர் முடிந்த உடனே அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான விமானங்களை அரிசோனா பாலைவனத்தில் கிங்மன் போன்ற இடங்களில் வரிசையாக நிறுத்தி, வெட்டி, உருக்கி, அலுமினியமாக விற்றுவிட்டார்கள். கணக்குப் பார்த்தால் அது சரியான முடிவுதான். பராமரிக்கச் செலவு அதிகம், வாங்க ஆள் இல்லை, ஸ்கிராப் விலையாவது வரட்டும் என்கிற கதை.

இங்கேதான் ஆச்சரியம். மிஞ்சிய அந்தப் பதின்மூன்றில் ஆறு, அதாவது ஏறத்தாழ பாதி, இந்திய விமானப்படையில் இருந்தவை. அமெரிக்காக்காரன் கட்டிய விமானம், அமெரிக்காவிலேயே மிஞ்சாதது, இந்தியாவில் எப்படி மிஞ்சியது?

கடன்-குத்தகைச் சட்டம் செய்த வேலை

1941 மார்ச்சில் அமெரிக்கா 'லெண்ட்-லீஸ்' என்று ஒரு சட்டம் போட்டது. கையில் காசு இல்லாத நேச நாடுகளுக்கு ஆயுதம், விமானம், உணவு எல்லாம் கொடுப்பது, உடனே பணம் கேட்பதில்லை. பிரிட்டிஷ் விமானப்படை பர்மா பக்கம் ஜப்பானியர்களோடு சண்டை போட்ட லிபரேட்டர்கள் இப்படி வந்தவை. அவற்றின் தளங்கள் நம் நாட்டில்தான் இருந்தன.

1945-ல் சண்டை நின்றது. இப்போது இந்த விமானங்களை என்ன செய்வது? பிரிட்டன் வைத்துக்கொள்ள வேண்டுமானால் காசு கொடுக்க வேண்டும், அதற்கு வழியில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பவும் தேவையில்லை, அங்கேயே உருக்கிக்கொண்டிருக்கிறார்கள். மிச்சம் இருந்த ஒரே வழி, யாருக்கும் பயன்படாமல் ஆக்கிவிடுவது. அப்படியே செய்தார்கள். லிபரேட்டர்களைக் கான்பூரில் சகேரி விமானத்தளத்தில் கொண்டுவந்து குவித்து, பறக்க முடியாதபடி சேதப்படுத்திவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். கிரேனில் தூக்கிக் கீழே போட்டார்கள், எஞ்சினுக்குள் மண்ணைக் கொட்டினார்கள் என்றெல்லாம் சொல்லப்படுகிறது.

நம் பாஷையில் சொன்னால், புத்தகத்தில் அவற்றின் மதிப்பு பூஜ்யம் ஆகிவிட்டது.

1947-ல் சுதந்திரம், உடனே காஷ்மீரில் போர். புது நாட்டின் விமானப்படையிடம் ஒரு கனரக குண்டுவீச்சு விமானம்கூட இல்லை. வெளியிலிருந்து வாங்கக் காசும் இல்லை. அப்போதுதான் கான்பூர் மைதானத்தில் கிடந்த குவியலின் மேல் கண் விழுந்தது. பெங்களூரில் இருந்த ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்து ஆட்கள் (இன்றைய ஹெச்.ஏ.எல்.) போய்ப் பார்த்தார்கள். ஒன்றிலிருந்து இறக்கை, இன்னொன்றிலிருந்து எஞ்சின், மூன்றாவதிலிருந்து சக்கரம் என்று கழற்றி மாட்டி, ஒருமுறை பறக்கிற அளவுக்கு அங்கேயே தேற்றினார்கள். ஜிம்மி முன்ஷி என்று அந்த நிறுவனத்தின் டெஸ்ட் பைலட் அவற்றைக் கான்பூரிலிருந்து பெங்களூருக்கு ஒவ்வொன்றாக ஓட்டிக்கொண்டு போனார். பெங்களூரில் முழுதாகப் பழுது பார்த்து விமானப்படையிடம் ஒப்படைத்தார்கள்.

இப்படிச் சுமார் 40 விமானங்கள் உயிர் பெற்றன. முன்பு எவனோ வேண்டுமென்றே உடைத்துப் போட்ட நான்கு எஞ்சின் விமானத்தில், ஒட்டுப் போட்ட பாகங்களோடு, கான்பூரிலிருந்து பெங்களூர் வரை பறப்பது என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முன்ஷியின் பெயர் நம் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

1948 நவம்பர் 2-ல் இந்த விமானங்களை வைத்து 5-வது ஸ்குவாட்ரன் தொடங்கியது. பிறகு 6-வது ஸ்குவாட்ரனுக்கும் லிபரேட்டர் வந்தது, அவர்கள் வேலை கடல் கண்காணிப்பு. 1957-ல் 5-வது ஸ்குவாட்ரன் கான்பெரா ஜெட்டுக்கு மாறியது. 6-வது ஸ்குவாட்ரன் மட்டும் விடாமல் 1968 கடைசிவரை லிபரேட்டரை ஓட்டியது. பூஜ்யம் மதிப்புள்ள சொத்து இருபது வருஷம் உழைத்தது.

ஆறும் எங்கே?

ஓய்வு கொடுக்கும் நேரத்தில்தான் மற்ற நாடுகள் விழித்துக்கொண்டன. தங்கள் விமானப்படை வரலாற்றில் முக்கியமான ஒரு விமானம், தங்களிடம் ஒன்றுகூட இல்லை, இந்தியாவில் பறக்கிற நிலையில் இருக்கிறது! பட்டியல் இதோ.

1. கனடா. 1968-லேயே கனடா விமானப்படையினர் வந்து ஒன்றை ஓட்டிக்கொண்டு போனார்கள். இன்று ஒட்டாவாவில் உள்ள விமான மியூசியத்தில் நிற்கிறது. இது பண்டமாற்று வியாபாரம். பதிலுக்கு நமக்கு ஒரு லைசாண்டர் விமானம் கிடைத்தது. அதைப் பற்றிப் பிறகு.

2. அமெரிக்கா, டூசான் நகரம். 44-44175 என்ற விமானம். 1969-ல் இந்தியாவிலிருந்து அரிசோனாவுக்குப் பறந்தே போனது. இன்று பீமா மியூசியத்தில் இருக்கிறது. பாதி உலகம் சுற்றி, தன் கூடப்பிறந்தவை உருக்கப்பட்ட அதே மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

3. பிரிட்டன். 1974-ல் இந்திய விமானப்படை அன்பளிப்பாகக் கொடுத்தது. பிரிட்டிஷ் எண் கே.என்.751, இந்திய எண் ஹெச்.இ.807. ராயல் ஏர்ஃபோர்ஸ் மியூசியத்தின் சொத்து. போரின்போது 99-வது ஸ்குவாட்ரனில், கோகோஸ் தீவுகளில் இருந்தது. பிரிட்டன் கைவிட்டுப் போன விமானத்தை நாம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறோம்.

4. அமெரிக்கா, ஃப்ளோரிடா. 44-44272. உணவகத் தொழிலில் சம்பாதித்த டேவிட் டாலிசெட் என்ற விமானப் பைத்தியம் 1970-களில் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். அதன்பின் கெர்மிட் வீக்ஸ் என்ற சேகரிப்பாளர் கைக்கு வந்து, அவருடைய 'ஃபேன்டசி ஆஃப் ஃப்ளைட்' சேகரிப்பில் சேர்ந்தது.

5. அமெரிக்கா, மாசசூசெட்ஸ். நாம் முதலில் பார்த்த 44-44052. இதன் கதை கொஞ்சம் நீளம், கீழே சொல்கிறேன்.

6. டெல்லி பாலம். ஹெச்.இ.924. இந்திய விமானப்படை மியூசியத்தில் இருக்கிறது. நமக்கென்று நாம் வைத்துக்கொண்ட ஒன்று இதுதான்.

44-44052

1944-ல் டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் பிறந்து, பிரிட்டிஷ் கைக்குப் போய், கான்பூரில் கைவிடப்பட்டு, பெங்களூரில் மறுபிறவி எடுத்து, 1968-ல் இரண்டாம் முறையாகக் கைவிடப்பட்டது. அதன் பின் 13 வருஷம் சும்மா கிடந்தது. 1981-ல் டக் ஆர்னால்டு என்ற பிரிட்டிஷ் சேகரிப்பாளர் வாங்கி, பிரித்து, இன்னொரு சரக்கு விமானத்துக்குள் ஏற்றி இங்கிலாந்து கொண்டுபோனார். 1984-ல் அமெரிக்காவின் பாப் காலிங்ஸ் வாங்கினார், இந்தமுறை கப்பல் பயணம். வருஷக்கணக்கில் வேலை பார்த்து 1989-ல் மறுபடி பறக்க வைத்தார்கள்.

அதன்பிறகு பல வருஷங்கள் உலகத்தில் பறக்கிற நிலையில் இருந்த லிபரேட்டர்கள் இரண்டே இரண்டு. ஒன்று டெக்சாஸின் 'டயமண்ட் லில்', இன்னொன்று நம் கான்பூர்க்காரர். ஊர் ஊராகப் போய், போரில் கலந்துகொண்ட தாத்தாக்களை ஏற்றிக்கொண்டு பறந்தது. 2019 அக்டோபரில் காலிங்ஸ் அமைப்பின் இன்னொரு பழைய விமானமான பி-17 விபத்துக்குள்ளாகி 7 பேர் இறந்தார்கள். 2020-ல் அந்த அமைப்பு கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றும் அனுமதியை அமெரிக்க அரசு ரத்து செய்தது.

விஷயம் இனிமேல்தான் வருகிறது. இந்த விமானத்துக்கு முதலில் 'ஆல் அமெரிக்கன்' என்று பெயர் எழுதினார்கள். பிறகு 'தி டிராகன் அண்ட் ஹிஸ் டெய்ல்'. பிறகு 'விட்ச்கிராஃப்ட்'. மூன்றும் அமெரிக்கப் படையில் நிஜமாக இருந்த வேறு மூன்று லிபரேட்டர்களின் பெயர்கள். இந்த விமானம் அந்தப் பெயரில் எந்தச் சண்டைக்கும் போனதில்லை. டூசானில் நிற்பதற்கும் இதே மாதிரி 'பங்கே பக்கரூ' என்று ஒரு அமெரிக்க விமானத்தின் வேஷம் போட்டிருக்கிறார்கள்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இறந்துபோன வீரர்களின் நினைவாக அப்படிச் செய்கிறார்கள், பார்க்க வருகிற அமெரிக்கக் குடும்பங்களுக்கு அதுதான் அர்த்தமுள்ளது. ஆனால் பெயிண்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு ஒன்று தெரியாமலே போய்விடும். இந்த விமானம் போரில் இருந்தது ஒரு வருஷத்துக்குள்தான். அது அதிகமாக உழைத்தது இந்திய வட்டச் சின்னத்தோடு, இருபது வருஷம். அது இன்று இருப்பதற்கே காரணம் கான்பூர் வெயிலில் நட்டு போல்ட்டு கழற்றிய, பெயர் எங்கும் எழுதப்படாத ஹெச்.ஏ.எல். தொழிலாளிகள். விமானத்தின் மேல் இதற்கு ஒரு அடையாளமும் கிடையாது. எண்களைக் கோத்து வைத்த அந்தப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

நாமும் இதில் சளைத்தவர்கள் இல்லை. கனடாவிடம் பண்டமாற்றில் வாங்கிய லைசாண்டர் பாலம் மியூசியத்தில் இந்திய விமானப்படை வண்ணத்தில் நிற்கிறது. 1942-ல் பர்மாவில் நம் 1-வது ஸ்குவாட்ரன் ஓட்டியது அந்த ரகம் என்பதால் அப்படி. அந்த ரகத்தில் நம் சொந்த விமானம் எதுவும் மிஞ்சவில்லை. ஆக, நம் லைசாண்டர் ஒரு கனடாக்காரர், கனடாவின் லிபரேட்டர் ஒரு இந்தியர். இருவரும் சட்டை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள் :-)

இன்று பறப்பவை நாளைய மியூசியம்

பழசை மட்டும் தேடுகிறவர்கள் இல்லை இவர்கள். இன்று சேவையில் இருப்பதையும் குறித்தால்தான் நாளைக்கு அது எங்கே போனது என்று சொல்ல முடியும். லிபரேட்டர் செய்த கடல் கண்காணிப்பு வேலையையே பின்தொடர்ந்து பாருங்கள். ஏர் இந்தியா ஜெட் விமானங்களுக்கு மாறியபோது, அதனிடம் இருந்த சூப்பர் கான்ஸ்டலேஷன்கள் விமானப்படைக்கு வந்தன. 6-வது ஸ்குவாட்ரன் அவற்றைக் கடல் மேல் ஓட்டியது. 1976-ல் அந்தப் பொறுப்பும் விமானங்களும் கடற்படைக்குப் போய், 312-வது கடற்படை ஸ்குவாட்ரன் பிறந்தது. அவற்றில் ஒன்று, ஐ.என்.315, கோவாவில் கடற்படை விமான மியூசியத்தில் நிற்கிறது. அது ஒரு காலத்தில் பயணிகளை ஏற்றிய ஏர் இந்தியாவின் 'ராணி ஆஃப் எல்லோரா'.

1988-ல் ரஷ்யாவின் டி.யு.-142 எட்டு வந்தன. அந்த ஸ்குவாட்ரன் பிறகு கோவாவிலிருந்து நம்ம அரக்கோணத்துக்குக் குடிவந்தது. 2017 மார்ச்சில் அங்கேதான் அவற்றுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரிலேயே ஒன்று விசாகப்பட்டினம் கடற்கரையில் மியூசியம் ஆனது. இடத்தில் இப்போது இருப்பது போயிங் பி-8ஐ. முதல் விமானம் ஐ.என்.320, 2013 மே மாதம் அரக்கோணத்தில் இறங்கியது. ஐ.என்.320 இன்னும் முப்பது வருஷம் கழித்து எங்கே நிற்கும்? யாராவது எழுதி வைத்தால் தெரியும்.

இதில் ஒரு ஜாக்கிரதையும் வேண்டும். 2001 நவம்பரில் கிரீஸ் நாட்டில் கலமாட்டா விமானத்தளத்தில் எண் குறித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ், டச்சு ஆர்வலர்கள் 14 பேரை உளவாளிகள் என்று கைது செய்தார்கள். 2002 ஏப்ரலில் தண்டனை, நவம்பரில் மேல்முறையீட்டில் விடுதலை. நம் நாட்டிலும் ராணுவ விமானத்தளங்களில் படம் எடுக்கத் தடை உண்டு. அதனால் நோட்டுப் புத்தகத்தோடு அரக்கோணம் சுவர் ஓரம் போய் நிற்காதீர்கள். மியூசியத்தில் இருப்பவையும், விமானக் கண்காட்சியில் அவர்களே காட்டுபவையும், அரசே வெளியிடும் படங்களும் இந்த வேலைக்குப் போதும்.

ஒரு வரியில் வந்து போகும் இரண்டு விமானங்கள்

அப்துல் கலாம் 1950-களில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தபோது, அங்கே பாடத்துக்காக நிறுத்தியிருந்த இரண்டு ஓய்வு பெற்ற விமானங்கள் தன்னை மிகவும் ஈர்த்ததாக 'அக்னிச் சிறகுகள்' புத்தகத்தில் எழுதியிருக்கிறார். மற்ற மாணவர்கள் ஹாஸ்டலுக்குப் போன பிறகும் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாராம். அந்த வரியில் என்ன ரகம், என்ன எண் என்று இல்லை. பின்னால் ராக்கெட் செய்த ஒரு மனிதரை இந்தத் துறைக்கு இழுத்ததில் அந்த இரண்டு கழித்துக் கட்டிய சொத்துகளுக்கும் பங்கு உண்டு. எந்த பேலன்ஸ் ஷீட்டில் இந்த மதிப்பைக் காட்டுவது?

எண் குறிக்கிறவர்களின் வேலை வெட்டி வேலை இல்லை என்று நான் நினைப்பது இதனால்தான். ஒரு நாடு எதைத் தூக்கிப் போட்டது, இன்னொரு நாடு அதை எப்படித் தேற்றியது, பிறகு யார் அதற்கு வேறு பெயர் எழுதினார்கள் என்பதெல்லாம் அந்த எண்களில்தான் இருக்கிறது. லிபரேட்டர்களின் பதிவு இல்லாமல் போயிருந்தால், அமெரிக்க மியூசியத்தில் நிற்கும் அந்த விமானம் ஒரு அமெரிக்க வீரக்கதை மட்டும்தான். முன்ஷியும் இல்லை, கான்பூரும் இல்லை.

பி.கு: உங்கள் ஊர்ப் பூங்காவிலோ கல்லூரி வாசலிலோ பழைய விமானம் ஏதாவது நிற்கிறதா? அடுத்த முறை செல்ஃபி எடுத்து முடித்த பிறகு, வால் பக்கம் போய் அந்த எண்ணையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பெயிண்ட் அடிக்கிறவர் வருவதற்கு முன்னால்.